கரண்டுக்குப் பாதி மாப்பிள்ளை

கோணக்கிணத்துப்பாளையத்து ஆட்களைப்போல சொன்ன பேச்சு கேட்கிறவர்களைப் பார்க்க முடியாது. சொன்னால் சொன்னதைச் செய்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாச்சாயியும் கொஞ்ச நாளில் அப்படியே ஆகிவிட்டாள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று: கொழுந்தன் கொழந்தசாமி. முப்பத்தெட்டு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வேளைக்குப் பதினாலு இட்லி. அவனுக்கென்று ஒருத்தி வந்து கரண்டியை வாங்கிக்கொண்டால்தான் நாச்சாயி அடுப்படியை விட்டு நகர முடியும். ஒருவழியாக வெள்ளைப்பாறையிலிருந்து வரதப்பன் என்பவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கென்று பார்த்து வீட்டுக் கரண்டுக்குக் கிறுக்குப் பிடித்தது.

வீட்டுக்கு ரெண்டு லைன். அடுப்படியும் கூடத்தின் கிழக்குப் பாதியும் ஒன்றில்; படுக்கிற அறையும் கூடத்தின் மேற்குப் பாதியும் இன்னொன்றில். கிழக்கே பல்பு எரிகிறதா என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. மிக்ஸி, பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி முனகியது. மேற்கே பல்பு மத்தியான வெயிலாய்க் காய்ந்தது. ஃபேன் சுற்றிய சுற்றில் நாச்சாயியின் வீட்டுக்காரன் செங்கோடன் வேட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

லைன்மேன் ரத்தினம் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

“ஏண்ணா, மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜு எல்லாத்தையும் கிழக்கேயே ஓட்டுனா? மேற்கே ஒரு பல்பும் ஃபேனும்தான். நியூட்ரல் வயரு வேற லூசாக் கிடக்குது. ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் இறங்குது. நாளைக்குச் சாமான் கொண்டாந்து சரி பண்றேன். அதுவரைக்கும் கிழக்கே இருக்கறதுல பாதியை மேற்கே மாத்திருங்க.”

சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டான்.

“எதுல பாதின்னு சொல்லலையே?” என்றான் செங்கோடன்.

“எல்லாத்துலயுந்தானுங்க. ஒண்ணை விட்டு ஒண்ணை எடுத்தா சமமா இருக்குமா?” என்றாள் நாச்சாயி.

நியாயமாகத்தான் பட்டது. மிக்ஸி கிழக்கே இருந்தது, ஜார் மேற்கே போனது. கிரைண்டர் கிழக்கே, உள்ளே இருந்த கல் மேற்கே. பிரிட்ஜிடம் வந்ததும் மூணு பேரும் யோசித்தார்கள்.

“அறுத்துரலாமா?” என்றான் கொழந்தசாமி.

“கதவைக் கழட்டிக் கொண்டுபோனாப் போதும். ஆனா முட்டையை எடுத்துருங்க. மேற்கே கரண்டு ஜாஸ்தி, பொரிஞ்சுரும்” என்றாள் நாச்சாயி. அவளுக்கு வீட்டுச் சாமான் மேல் அத்தனை அக்கறை.

கதவில்லாத பிரிட்ஜ் விடாமல் ஓடி ஊருக்கே குளிர் கொடுத்தது. கிழக்கே பல்பு இன்னும் மங்கியது.

“இன்னும் என்னமோ பாக்கி இருக்குது” என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்த செங்கோடன், தம்பியிடம் கண்ணை நிறுத்தினான். “ஏண்டா, நீயும் கிழக்கேதானே படுக்கறே?”

கொழந்தசாமி தலையைக் குனிந்துகொண்டான். “ஆமாண்ணா. நான்தான் பாக்கி.”

நாச்சாயி கூடத்தின் நடுவே கோலமாவால் ஒரு கோடு இழுத்தாள். கொழந்தசாமி மூக்கைக் கோட்டுக்கு நேராக வைத்து, வாசலைப் பார்த்து நின்றான். அப்போதுதான் வரதப்பனும் அவர் சம்சாரம் ரங்கம்மாளும் உள்ளே வந்தார்கள். அவர் கிழக்கே உட்கார்ந்தார், அந்தம்மா மேற்கே.

“மாப்பிள்ளை லட்சணமா இருக்காரு” என்றார் வரதப்பன், இருட்டைப் பார்த்து.

“கண்ணு தெரியுதா உங்களுக்கு? வழுக்கை, அம்மைத் தழும்பு, காதுல முடி, அத்தனையும் பளபளன்னு தெரியுது!” என்றாள் ரங்கம்மாள், முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு.

“என் பக்கம் ஒண்ணுமே இல்லையே?”

“என் பக்கத்துக்கு வந்து பாருங்க!”

நாச்சாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த இடமும் போனால் ஆயுசுக்கும் இட்லிதான்.

வரதப்பன் மேற்கே போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கிழக்கேயே உட்கார்ந்தார். “மேற்குப் பாதி எங்களுக்கு வேண்டாமுங்க. கிழக்குப் பாதியைக் குடுங்க, தை மாசம் வெச்சுக்கலாம்.”

செங்கோடன் உடனே தலையாட்டப் போனான். நாச்சாயி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவசரப்படாதீங்க. ஏனுங் தம்பி, நீங்க எந்தப் பக்கத்துப் பல்லுல மெல்லுவீங்க?”

“கிழக்கேதான் அண்ணி. மேற்கே எல்லாம் சொத்தை.”

நாச்சாயி முகம் மலர்ந்துபோனது. “எங்களுக்குப் பூரண சம்மதமுங்க!”

வெற்றிலை பாக்கு மாற்றி, வந்தவர்கள் கிளம்பிப் போனதும் கொழந்தசாமி மெதுவாகக் கேட்டான்: “அப்ப என்ர மேற்குப் பாதி ஒண்டிக்கட்டையாவே கிடக்கோணுமா அண்ணி?”

“விட்டுருவமா? அடுத்த வாரம் வேற வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம். உங்களைத் திருப்பி நிக்க வெச்சா அந்தப் பாதியும் கிழக்கே வந்துருமல்லோ?”

“திரும்பி நின்னா முதுகுதானே அண்ணி தெரியும்?”

செங்கோடன் தம்பியைச் சுற்றிவந்து பின்னால் நின்று நிதானமாகப் பார்த்தான்.

“முதுகு நல்லாத்தான்டா இருக்குது. முதுகு பிடிச்ச இடமாப் பார்த்துக்கலாம்.”