பூசணிக்காய்க்குப் புதுக் கயிறு

மருதங்காவு சமஸ்தானத்து மகாராஜா குலதிலகருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நிலா பார்க்க ஏழடுக்கு மாடம் வேண்டுமாம்! கீழே நின்று பார்த்தால் நிலா தெரியாதா என்று கேட்க யாருக்குத் தைரியம்? சாரம் கட்டியாயிற்று, வேலையும் ஆரம்பித்தாயிற்று.

ஆரம்பித்த மாதமே ஏழெட்டுப் பேர் சாரத்திலிருந்து விழுந்தார்கள். மகாராஜா கவலைப்பட்டு மராமத்து அதிகாரி பரஞ்சோதியைக் கூப்பிட்டார். பரஞ்சோதிக்குப் பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய மீசை.

"கவலையை விடுங்கள் மகாராஜா. விழுகிறவன் அஜாக்கிரதையால் விழுகிறான். விழுந்தவனுக்குப் பத்துக் கசையடி என்று சட்டம் போடுங்கள். அப்புறம் ஒருவன் விழுகிறானா பார்க்கலாம்" என்றார் அவர்.

சட்டம் வந்தது. என்ன ஆச்சரியம்! ஆறு மாதமாக ஒருவர்கூட விழவில்லை என்று பரஞ்சோதி ஓலை அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊரில் மட்டும் கால் ஒடிந்தவர்கள் பெருகினார்கள். கேட்டால் வீட்டில் கட்டிலிலிருந்து விழுந்தேன் என்பார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் கட்டிலே கிடையாது!

ஒருநாள் மகாராஜா மாடத்தைப் பார்க்க வந்தார். வந்து நின்றதுதான் தாமதம், மூன்றாம் அடுக்கில் தொங்கு பலகையில் உட்கார்ந்து பூச்சு வேலை செய்த கொத்தன் வெள்ளையப்பன், பலகையோடும் சுண்ணாம்புச் சட்டியோடும் அவர் கண் முன்னாலேயே தொப்பென்று விழுந்தான். மணல் குவியலில் விழுந்ததால் உயிர் பிழைத்தது. கால் போச்சு.

"நான் கட்டில்ல இருந்து விழுந்தேன் சாமி!" என்று பழக்க தோஷத்தில் அலறினான் வெள்ளையப்பன்.

இனி மறைக்க முடியுமா? பரஞ்சோதி சேவகனிடம் சாட்டையை எடுக்கச் சொல்லிவிட்டார். வெள்ளையப்பனின் மனைவி முத்திருளாயி மண் சுமந்துகொண்டிருந்தவள், கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகாராஜா காலில் விழுந்தாள்.

"கால் ஒடிஞ்ச மனுசன் சாமி! பத்து அடி வாங்குனா உசிரு நிக்காது!"

மகாராஜாவுக்கு மனசு இளகியது. ஆனால் அவர் போட்ட சட்டம் அவர் கழுத்தையே பிடித்தது. பக்கத்தில் நின்ற அரண்மனை விகடகவி சங்கிலியாண்டியைப் பார்த்தார். அரண்மனையில் வாய்க்குச் சோறு வாங்குகிற ஒரே ஆள் அவன்தான்.

சங்கிலியாண்டி சாரத்தை மேலும் கீழும் பார்த்தான். உச்சியில் ஒரு திருஷ்டிப் பூசணி, ராட்சச முகமும் முறுக்கு மீசையும் எழுதித் தொங்கிக்கொண்டிருந்தது.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். வெள்ளையப்பனைப் பூசணிக்காயாக நியமித்துவிடுங்கள்."

"என்னடா உளறுகிறாய்?"

"பூசணி தொங்குகிற கயிற்றைப் பாருங்கள். புத்தம் புதுத் தேங்காய் நார். தினமும் இரண்டு சேவகர்கள் அதை இழுத்துப் பார்க்கிறார்கள். இவன் தொங்கிய கயிறோ என் தாத்தாவுக்கு அண்ணன். அடுத்த ஜென்மத்தில் பூசணியாய்ப் பிறக்கும் வரை இவன் ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைக்கே பூசணியாகட்டும்!"

பரஞ்சோதிக்கு முகம் சிவந்தது. "திருஷ்டிப் பூசணி விழுந்தால் அபசகுனம் மகாராஜா! விழுந்தால் என் பதவி போகும். அதனால் அதற்கு நல்ல கயிறு. இவன் கயிறும் லேசுப்பட்டதில்லை. யானையையே தாங்கும்! இவன்தான் அஜாக்கிரதை."

"யானையைத் தாங்குமா? அப்படியானால் பூசணியைத் தாங்காதா?" என்றான் சங்கிலியாண்டி. "வெள்ளையப்பன் கயிற்றில் அறுந்தது போக மிச்சம் இருக்கிறதே, அதில் பூசணியை மாற்றிக் கட்டட்டும். அதிகாரி ஐயா அதற்கு நேர் கீழே நின்று கொஞ்சம் வெற்றிலை போடட்டும்."

மகாராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "கட்டுங்கள்" என்றார்.

கட்டினார்கள். பரஞ்சோதி கீழே நின்றார். வெற்றிலையை மடித்தார். மேலே பார்த்தார். சுண்ணாம்பை வெற்றிலையில் தடவுவதாக நினைத்து மீசையில் தடவிக்கொண்டார்.

"மகாராஜா, காலையிலிருந்து வயிறு சரியில்லை..."

"நில்லும்!"

மேலே நறநறவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பாய்ந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. பூசணி அவர் நின்ற இடத்தில் விழுந்து சிதறியது. ஒரு விதை மகாராஜா மூக்கில் ஒட்டிக்கொண்டது.

சங்கிலியாண்டி சேவகனைப் பார்த்துக் கத்தினான். "எடு சாட்டையை! பூசணிக்குப் பத்து அடி! அதிகாரி ஐயா, இன்னொரு பூசணியும் அஜாக்கிரதையாக விழுந்தால் உங்கள் பதவி என்னாவது?"

பதவி என்றதும் பரஞ்சோதிக்குப் பதறியது. "ஐயோ, பூசணி என்ன செய்யும் மகாராஜா! அது சும்மாதானே தொங்கியது! கயிறு இற்றுப்போன கயிறு, மூன்று வருஷப் பழசு..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மகாராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று சுண்ணாம்புச் சட்டியில் விழுந்தது. "பூசணிக்காகப் பேசிய வாய் இந்த மனுஷனுக்காகப் பேசவில்லையே!" என்றார். கசையடிச் சட்டத்தை அங்கேயே கிழித்தெறிந்தார். கால் கூடும் வரை வெள்ளையப்பனுக்கு வீட்டுக்கே கூலி போக வேண்டும் என்றார். முத்திருளாயி சங்கிலியாண்டியைக் கும்பிட்டு அழுதாள். மகாராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தினார்.

"கயிறுகளுக்கு என்ன செய்யலாம் சங்கிலியாண்டி?"

"வாங்குகிறவரே சோதித்துவிடட்டும் மகாராஜா. தினமும் காலையில் அதிகாரி ஐயா எல்லாக் கயிற்றிலும் ஒரு தடவை தொங்கிக் காட்டட்டும்."

அப்படியே உத்தரவாயிற்று. மறுநாளே தொடை கனத்துக்குப் புதுக் கயிறுகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. அப்புறம் ஒருவரும் விழவில்லை, கட்டிலிலிருந்துகூட!

உச்சியில் வேறு பூசணி கட்டலாமா என்று மகாராஜா கேட்டபோது கொத்தர்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் தொப்பையும் மீசையுமாக ஒருவர் அங்கே தொங்குகிறார், அதுவே போதும் என்று.