நாற்பத்தோராம் நிலை

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மழலைப் பள்ளி. குரு ரெஜினா டீச்சர், வயது இருபத்தொன்பது. சீடர் சங்கரநயினார், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வயது நாற்பத்து நான்கு. சீடரைவிடக் குரு பதினைந்து வயது இளையவர் என்பது குரு சீடர் கதைகளின் முறைக்கு ஒவ்வாது. என்ன செய்வது, நடந்தது அப்படித்தான்.

அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் அப்பாவோ அம்மாவோ மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சங்கரநயினார் மூன்று மாதமும் தவறாமல் வந்தார். மூன்று முறையும் வராந்தாவில் உட்கார்ந்து, குழந்தைகளை எப்படிக் கவனிப்பது என்று செல்பேசியில் படித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் முறை, ஒரு வியாழக்கிழமை, கையில் ஒரு கோப்போடு வந்தார்.

"டீச்சர், ஒரு கையெழுத்து வேணும்."

"எதுல சார்?"

கோப்புக்குள் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு சான்றிதழ் இருந்தது.

அதன் கதை இது. ஜனவரி மாதம் அவர் தம் மகள் நறுமுகையை ஊரின் பெரிய பள்ளிக்கு நேர்காணலுக்கு அழைத்துப் போனார். அவளுக்கு நான்கு வயது. தலைமையாசிரியை மேசைமேல் ஒரு பித்தளை மணி இருந்தது. நறுமுகை எட்டி அதை அடித்தாள். நான்கு முறை அடித்தாள். 'செயலாட்சித் திறன் போதவில்லை. மூன்று மாதம் கழித்து அழைத்து வரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சொன்னதை நினைவில் வைப்பது, ஆசையை அடக்கிக் காத்திருப்பது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து வல்லுநர்கள் வைத்த பெயர் அது. வீடுகளில் 'கொஞ்சம் பொறு' என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

மூன்று மாதம் முடிந்து, மறு நேர்காணல் நாளைக் காலை பத்து மணிக்கு. நாளை தவறினால் இந்த ஆண்டு அந்தப் பள்ளியில் இடமில்லை.

இடையில் சங்கரநயினார் இணையத்தில் இறங்கியிருந்தார். நினைவாற்றல் சீட்டுகள், அச்சிட்டு விளையாடும் புதிர்ப் பாதைகள், மருத்துவர்களின் காணொளிகள், கட்டுரைகள், ஒரு செயலி என்று மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். தொழில் வழக்கப்படி வரிசை எண் போட்டு, முக்கியமானவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டு, பொங்கலுக்கு மறுநாள் டீச்சருக்கும் அனுப்பிவைத்தார். 'உங்களுக்கும் பயன்படும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

சான்றிதழ் அந்தச் செயலி கொடுத்தது. டீச்சர் வாசித்தார். 'நறுமுகை. நாற்பத்தோராம் நிலை. பொறுமையில், தன் வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேரை விஞ்சியவர்.'

"நாளைக்கு அங்க காட்டணும். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டா கனமா இருக்கும்," என்றார் சங்கரநயினார்.

டீச்சர் கீழே சிறிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தார்.

"புதன்கிழமை காலை பத்து நாற்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமா டீச்சர். நிமிஷம் முதக்கொண்டு காட்டும். அருமையான செயலி."

"நேத்து பத்து நாற்பதுக்கு உங்க மக இங்க மணல்ல கிணறு தோண்டிக்கிட்டிருந்தா."

சங்கரநயினார் எட்டி அந்தச் சிறிய எழுத்தைத் தாமும் பார்த்தார்.

"யாரு சார் விளையாடினது?"

"மூணாவது நிலையிலேயே நின்னுட்டா டீச்சர். ஒரு பலூன் ஊதும். சிவப்பாகிற வரைக்கும் தொடக் கூடாது. வெறும் பதினஞ்சு விநாடி. தொட்டுத் தொட்டு உடைச்சுப்புட்டா."

"அதனால?"

"அவளால காத்திருக்க முடியல. அதனால நான் காத்திருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"மூணாவது நிலை மட்டுமா?"

"அத முடிச்சாத்தான் நாலாவது திறக்கும். நாலாவதுல என்ன இருக்குன்னு பாத்து வச்சுக்கிட்டா சொல்லிக்கொடுக்கலாமேன்னு..."

"நாலாவதுல என்ன இருந்துச்சு?"

"பலூன்தான். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கணும்." குரல் இறங்கியது. பிறகு, அடக்க முடியாமல், கொஞ்சம் ஏறியது. "நாற்பத்தொண்ணாவதுல நாலு நிமிஷம் டீச்சர். ஆபீஸ்ல டீ நேரத்துல. விரல அசைக்கல."

டீச்சர் கோப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாங்க," என்று சொல்லிப் பின்கட்டுக்கு நடந்தார்.

அங்கே சமையலறை. அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டியில் பால் ஏறியிருந்தது. அடுப்பின் திருகில் கை வைத்தபடி பேச்சியம்மா ஆயா நின்றார். ஆறடி தள்ளித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு முக்காலி. முக்காலியின்மேல் நறுமுகை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, அடுப்புகிட்டயா! எதக் கண்டாலும் தொட்டுருவாளே!"

டீச்சர் வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "ஆறடி இருக்கு. நீங்க அளக்கிறவரு, பாத்தாலே தெரியும். மெதுவாப் பேசுங்க."

"என்ன செய்யுதா?"

"பால் பாக்கா. பொங்கி வரும்போது சொல்லணும். அவ சொன்னாத்தான் ஆயா அணைப்பாங்க. பத்தொன்பது பிள்ளைகளுக்குப் பதினோரு மணிப் பால் அது."

"சொல்லலன்னா?"

"முதல் நாள் சொல்லல. அணில் பின்னால ஓடிட்டா. பால் பூரா அடுப்புல. எல்லாரும் தண்ணி குடிச்சோம். அவளும் குடிச்சா."

"திட்டினீங்களா?"

"எதுக்கு? மறுநாள் அவளே வந்து முக்காலியில ஏறிட்டா."

"எத்தன நாளா நடக்கு இது?"

"அஞ்சு வாரமா."

"தினம் எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம்."

பதினைந்து விநாடி, எழுநூற்று இருபது விநாடி. சங்கரநயினார் மனத்துக்குள் வகுத்தார். நாற்பத்தெட்டு மடங்கு வந்தது. நம்பாமல் மறுபடியும் வகுத்தார்.

ஜன்னல் கம்பியில் ஓர் அணில் வந்து உட்கார்ந்தது. நறுமுகையின் ஒரு கால் முக்காலியிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டது. சங்கரநயினார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. கால் மேலே போய்விட்டது.

பாலில் ஆடை படர்ந்தது. ஓரங்களில் குமிழ் கட்டியது. ஆடை ஒருமுறை மெல்லத் தூக்கி அடங்கியது. நறுமுகையின் முதுகு நிமிர்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள்.

"பொங்குது! பொங்குது!"

கத்தியது சங்கரநயினார்.

குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். பேச்சியம்மா குழந்தையைப் பார்த்தார். அவள் சொல்லாமல் அணைத்து அவருக்குப் பழக்கமில்லை. அந்தக் கணத்தில் பால் விளிம்பைத் தாண்டிச் சரசரவென்று இறங்கியது. அடுப்பு சீறி அணைந்தது. பேச்சியம்மா திருகை மூடினார்.

நறுமுகை சட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை.

"அப்பா," என்றாள். "அது என் பால்."

இருபது ஆண்டு உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் சங்கரநயினாரை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தியதில்லை.

"நல்ல மனுசன்!" என்றார் பேச்சியம்மா, துணியை எடுத்துக்கொண்டு. "அணிலாவது சத்தம் போடாம வந்துச்சு."

இருவரும் வராந்தாவுக்குத் திரும்பினார்கள். சங்கரநயினார் படியில் உட்கார்ந்தார்.

"ஜனவரியில அந்த மேசைகிட்ட என்ன நடந்துச்சு? முதல்லருந்து சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"அந்தம்மா பேரு கேட்டாங்க. இவ யோசிச்சா. நான் சொன்னேன்."

"அப்புறம்?"

"என்ன நிறம் பிடிக்கும்னு கேட்டாங்க. மஞ்சள்னேன்."

"அவளுக்கு மஞ்சள் பிடிக்குமா?"

சங்கரநயினார் வெகுநேரம் யோசித்தார். "எனக்குப் பிடிக்கும்," என்றார்.

"மூணாவது கேள்வி?"

"அதுக்கும் நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதுதான் அவ மணிய அடிச்சா."

"வேற என்ன வேலை மிச்சம் வச்சிருந்தீங்க அவளுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பழக்கம் விடாமல் கேட்டார்: "இந்தப் பால் விஷயத்த எங்க படிச்சீங்க டீச்சர்? இணைப்பு இருந்தா எனக்கு அனுப்புங்க."

"நீங்க அனுப்பினதுதான். பதினேழாவது."

சங்கரநயினார் செல்பேசியை எடுத்தார். பட்டியலைத் திறந்தார். பதினேழாவது இருந்தது. பக்கத்தில் நட்சத்திரமும் இருந்தது.

"தலைப்பு நல்லா இருந்துச்சு. அப்புறமாப் படிக்கலாம்னு..." என்று இழுத்தார்.

இப்போது படித்தார். கட்டுரை மிகச் சிறியது. 'குழந்தைக்கு உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். அது தவறினால் உண்மையாகவே ஏதாவது கெட வேண்டும். அதன்பின் விலகி நில்லுங்கள்.' அவ்வளவுதான். படிக்க அவருக்குப் பதினைந்து விநாடிகூட ஆகவில்லை.

பின்கட்டில் டம்ளர்கள் மோதும் ஒலி கேட்டது. மிஞ்சிய பாலில் தண்ணீர் சேர்த்துப் பேச்சியம்மா ஊற்றிக்கொண்டிருந்தார். 'எங்கப்பா சத்தம் போட்டுட்டாங்க' என்று நறுமுகை ஒவ்வொரு பிள்ளையிடமும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

சங்கரநயினார் செல்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"டீச்சர், நாளைக்கு அவ பதில் சொல்லாம இருந்தா?"

"இருக்கட்டும்."

"ஒரு நிமிஷம் ஆனா? ரெண்டு நிமிஷம் ஆனா? அந்தம்மா என்னையே பாத்தா? பக்கத்துல உக்காந்துக்கிட்டு நான் எப்படி வாயத் திறக்காம இருப்பேன்? அது என்னால ஆகுமா?"

டீச்சர் கோப்பிலிருந்து சான்றிதழை உருவினார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துத்தான் போடப் போகிறார் என்று சங்கரநயினார் நினைத்தார். டீச்சர் 'நறுமுகை' என்ற பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே 'சங்கரநயினார்' என்று எழுதினார். 'தன் வயதுக் குழந்தைகளில்' என்பதில் கை வைக்கவில்லை. கீழே ஒப்பமிட்டு அவரிடம் நீட்டினார்.

"மூணாவதுலருந்து முப்பத்தொன்பது பலூனத் தொடாம இருந்திருக்கீங்க, சார்," என்றார். "நாளைக்குப் பக்கத்து நாற்காலியில இருக்கிறது நாற்பதாவது."