திட்டுவதற்கு இங்கிலீஷ்

நாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் சிங்காரவேலு, அறுபதை நெருங்கும் வயதில் ஜமீலா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான்.

“என்ன படிக்கணும் ஐயா?”

“மருமகனைத் திட்டணும். அதுக்கு வேண்டிய இங்கிலீஷ் போதும்.”

மகள் தமயந்தி லண்டனில் ஆலிவர் என்ற வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தாள். போன மாதம் வீடியோ காலில் பேசும்போது, இவர் புதிதாகத் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். ‘யார் இந்தச் சின்னப் பையன்?’ என்று ஆலிவர் சிரித்தார்.

“அதுகூடப் பரவாயில்ல. அடுத்தாப்ல ‘புல்லிங் யுவர் லெக்’னு சொன்னாரு. ‘புல்’னா இழுக்கிறது, ‘லெக்’னா காலுன்னு எனக்குத் தெரியாதா? காலை வாருறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு டீச்சர். என் பொண்ணு அவர் வீட்டுல இருக்கா.”

அன்று போனை வைத்தவர்தான். மகள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. “அவங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் வேற. சும்மா கிண்டல் பண்ணேன்னு சொல்லியிருக்கார்.”

சிங்காரவேலு யோசித்தார். “குத்திக் காட்டுறவனும் சிரிச்சுக்கிட்டேதானே சொல்றான்? இது கிண்டல்தான்னு எப்படித் தெரியும்?”

டீச்சர் எழுந்து, பலகையில் ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினார்.

“இதை அவர்கிட்ட சொல்லுங்க.”

“என்ன அர்த்தம்?”

“எனக்காவது சாயம் அடிக்க முடி இருக்கு, மாப்பிள்ளை.”

சிங்காரவேலு பதறினார். ஆலிவருக்கு முழு வழுக்கை. “மாப்பிள்ளைகிட்ட இப்படிப் பேசலாமா? கோவிச்சுக்கிட்டா?”

“கோவிச்சுக்கிட்டா, திட்டுறதுக்கு நானே வார்த்தை எடுத்துத் தர்றேன்.”

அவர் மகளுக்கு வீடியோ கால் போட்டார். மறுமுனையில், “அப்பா!” என்றாள் தமயந்தி. அருகே ஆலிவரின் முகம் தெரிந்தது.

சிங்காரவேலு பலகையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

ஆலிவர் வெடித்துச் சிரித்தார். தலையைத் தாழ்த்தி வழுக்கையைத் திரை முழுக்கக் காட்டி, அதில் தட்டினார். “மாமா! மாமா!” என்றார். தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிங்காரவேலுவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நெடுநேரம் பேசிவிட்டுப் போனை வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

“டீச்சர், இன்னும் ஒண்ணு எழுதிக் கொடுங்க. நாளைக்குச் சொல்றேன்.”

டீச்சர் பலகையை அழித்தார்.

“நாளைக்கு அவர் முறை, ஐயா.”