குளத்தங்கரையில் விழுந்த சருகுமான்

நாவல் மரங்களுக்கு நடுவே ஒரு குளம். காட்டு விலங்குகள் எல்லாம் அதில்தான் தண்ணீர் குடிக்கும். தும்பை என்ற சருகுமானும் பிறந்ததிலிருந்து அங்கேதான் குடித்து வந்தாள். அந்த வாரம்தான் அவளுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள்.

ஒரு காலையில், தண்ணீர் குடித்து நிமிர்ந்தவள் திடீரென்று கீழே சாய்ந்தாள். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. கண் திறந்து பார்த்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் அக்கரைக்கு ஓடிப்போய் நின்றார்கள்.

"பேய் பிடித்திருக்கிறது!" என்றது நரி.

"போன பிறவிப் பாவம்!" என்றது முயல்.

"அந்த நுரை பட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்!" என்றது காட்டுப்பன்றி.

காட்டின் தலைவி கரடியம்மா உறுமினாள். "இனி இந்தக் குளத்துப் பக்கம் வராதே! என் குட்டி குடிக்கிற தண்ணீர் இது!"

"எனக்குச் சின்ன வயதிலிருந்தே இது வருகிறது, கரடியம்மா. இத்தனை நாளும் ஒரே தண்ணீரைத்தானே குடித்தோம்? யாருக்காவது ஒட்டியதா?"

கரடியம்மா கல்லை எடுத்து எறிந்தாள்.

"காக்காய் வலிப்புக்காரி எங்களுக்கு வேண்டாம்!" என்று மாப்பிள்ளையின் அம்மா மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

மரத்திலிருந்த காகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் காக்காய் இப்படி விழுந்து பார்த்தீர்கள்? உங்களுக்குப் புரியாத நோய்க்கு என் பெயரா?"

அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. தும்பை அன்றிலிருந்து பாறை இடுக்கில் கிடந்த கலங்கல் தண்ணீரைக் குடித்தாள்.

ஒரு மாதம் போனது. குளத்தங்கரையில் கரடிக்குட்டி அதேபோல் விழுந்து துடித்தது. கரடியம்மா அதன் கால்களை அழுத்திப் பிடித்தாள். பன்றி அதன் வாயில் குச்சியைத் திணித்தது. நரி எங்கிருந்தோ துருப்பிடித்த அரிவாளைக் கவ்வி வந்து, "கையில் இரும்பைக் கொடுங்கள்!" என்று கத்தியது.

காகம் பறந்துபோய்ச் சொன்னதும் தும்பை ஓடி வந்தாள்.

"கையை எடுங்கள்! அழுத்தாதீர்கள்! குச்சியைப் பிடுங்குங்கள், மூச்சு அடைக்கும்! இரும்பால் ஒன்றும் ஆகாது!"

தலையருகே கிடந்த கற்களை மூக்காலேயே தள்ளினாள். "ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தானாக அடங்கும்."

அடங்கியது. குட்டி கண் திறந்து, "அம்மா" என்றது.

"இதற்கும் பேய்..." என்று நரி ஆரம்பித்தது.

"பல்லை உடைப்பேன்! என் பிள்ளைக்கு வந்திருப்பது நோய்!" என்று கரடியம்மா சீறினாள்.

தும்பை அவளை நேராகப் பார்த்தாள். "உங்கள் பிள்ளைக்கு வந்தால் நோய். எனக்கு வந்தால் பாவமா?"

கரடியம்மாவின் தலை தாழ்ந்தது. "தப்புதான், தாயி. இனி நீ குளத்துக்கு வரலாம்."

"வரலாம் என்று சொல்ல இது உங்கள் குளமா?"

எல்லாரும் பார்க்க நடந்துபோய், தும்பை வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா இளித்துக்கொண்டே அருகில் வந்தாள். "கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா, கண்ணு?"

"உங்கள் வீடு எனக்கு வேண்டாம்!" என்றாள் தும்பை.

வலிப்பு உடம்புக்கு வரும் ஒரு நோய்தான். வெட்கப்பட வேண்டியவர்கள் அது வந்தவர்கள் அல்ல, அதைச் சொல்லி அவர்களை ஒதுக்கி வைப்பவர்கள்.