இரண்டு தயிர்ச் சட்டிகள்

ஆற்றங்கரை மடத்துக்கு மங்கையம்மாள்தான் குரு. சீடர் வைரவன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை அவர் வந்து கேட்டது விசித்திரமான வரம்.

"தூக்கமே வராதபடி ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்கம்மா."

"இப்பவே நீங்க தூங்குறதில்லைன்னு கேள்விப்பட்டேனே, ஐயா."

"விடியுற நேரத்துல கண் அசந்துடுது."

மனைவி சிவகாமு இறந்துபோனதிலிருந்து இப்படித்தான். பெண் பார்க்கப் போன நாள் முதல் அவளோடு வாழ்ந்ததையெல்லாம் ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். கண்ணை மூடினால் மறந்துவிடுமோ என்று பயம். விழித்து விழித்துத் தலைக்குள் ஒரு இரைச்சல் குடியேறிவிட்டது. சாப்பிட்டோமா இல்லையா என்று அடுத்தவரைக் கேட்கும் நிலைமை. மடத்துச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டார். மற்றவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு வைத்தார்கள், பாவம். அதெல்லாம் போகட்டும். போன வாரம் சிவகாமுவின் குரலே நினைவுக்கு வரவில்லை. முகம் வந்தது, சிவப்புக்கல் மூக்குத்தி வந்தது, வாய் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. அன்றைக்கு அவர் ஆடிப்போய்விட்டார்.

குரு மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு சட்டியைக் காட்டினார்.

"பாலுக்கு உறை ஊத்தியிருக்கேன். சாயங்காலம் தயிர் வேணும். உங்க பொறுப்பு."

வைரவன் சட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். சந்தேகம் வந்தபோதெல்லாம் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் குரு வந்து கரண்டியை விட்டார். திரிதிரியாக நீர்த்து ஓடியது.

"இடத்தை விட்டு அசையலையேம்மா!"

"தெரியும்."

குரு மூலையிலிருந்து இன்னொரு சட்டியை எடுத்து வந்தார். அதே பால், அதே உறை. மேலே இருந்த தட்டை நகர்த்தினார். ஆடை கட்டி, கெட்டியாக உறைந்திருந்தது. வைரவனின் விரல் தன்னையறியாமல் ஆடையை நோக்கிப் போனது. குரு பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

'கையை எடுங்க! அது பாட்டுக்குக் கெடக்கட்டும்!'

குரு வாயே திறக்கவில்லை. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டுச் சமையலறையில், ஆடை திருடப் போன புருஷனின் கையில் அடித்துச் சிவகாமு சொன்னது அது. கொஞ்சம் கரகரப்பு, அடக்க மாட்டாத சிரிப்பு. அதே குரல். வைரவன் அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"கேட்டுச்சும்மா. அவதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டவரை மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. "இன்னிக்குத் தூங்கிட்டா இதுவும் போயிடுமே?"

குரு தட்டை எடுத்துச் சட்டியை மூடினார்.

"காலையிலேருந்து நான் இந்தச் சட்டிப் பக்கமே வரலை, ஐயா. போயிடுச்சா?"