ஏழு சிவப்பு வட்டங்கள்

"மேடம், எனக்குப் பயமா இருக்கு."

தமிழ்த் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் தவசி, தன் நெறியாளர் ஆக்னஸ் முன்னால் வந்து நின்றான். ஆக்னஸ் அவனைவிட இரண்டு வயது இளையவர். அளந்துதான் பேசுவார்.

"என்ன ஆச்சு?"

விஷயம் இதுதான். இணையத்தில் 'பிழை வேட்டை' என்று ஒரு பக்கம். நடத்துவது தவசி, அது யாருக்கும் தெரியாது. எவராவது தப்பும் தவறுமாகத் தமிழ் எழுதினால் போதும், ஐயா அதைப் படம் பிடித்து, பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, கூடவே நாலு நக்கலும் சேர்த்துப் போட்டுவிடுவார். துறை மாணவர்கள் கூட்டமாக வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். தமிழைக் காப்பாற்றுகிறாராம்!

"செவ்வாய்க்கிழமை ஒரு பொண்ணோட பதிவைப் போட்டேன். முந்நூறு பேர் சிரிச்சாங்க. இப்ப அவ கணக்கையே காணோம். ஏதாவது பண்ணிக்கிட்டாளோன்னு ஒருத்தர் கேக்குறார். போலீஸ் வந்தா என் பேர் வெளிய வந்துடும். பட்டம், வேலை, எல்லாம் போச்சு மேடம்."

"என்ன எழுதியிருந்தா?"

"ஏழு பிழை மேடம். ஒரு இடத்துலகூட..."

"பிழையைக் கேக்கல. என்ன எழுதியிருந்தா?"

அடக் கொடுமையே, மூன்று நாளாகத் தவசி அந்தப் பதிவையே கட்டிக்கொண்டு கிடக்கிறான், அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை!

"படம் இருக்குல்ல?"

போனை நீட்டினான். ஆக்னஸ் வாங்கவில்லை.

"நீங்களே படிங்க. சத்தமா."

"எனக்கு பதினஞ்சு வயசு," என்று படித்தான். "வெள்ளிகிழமை எனக்கு கல்யாணம் பன்றாங்க. எனக்கு வேணாம். சொன்னா அடிக்கிறாங்க. யாராவது வாங்க..."

பாதியில் நிறுத்தினான். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். வியாழன். போலீஸ் பயமெல்லாம் எங்கே போனதோ.

"மேடம், நாளைக்கு!"

ஆக்னஸ் அதற்குள் தன் போனில் குழந்தைகள் உதவி மையத்தைக் கூப்பிட்டிருந்தார். அதை அவன் கையில் கொடுத்தார்.

"சொல்லுங்க சார், எந்த ஊரு?" என்றது ஒரு பெண்குரல்.

பதிவில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது.

"இருங்க," என்றான் தவசி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இருங்கம்மா... படிச்சிட்டுச் சொல்றேன்."