பெரியவர் உட்காரும் பக்கம்

கதை முடிந்ததும் நியாயம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. கடைசிப் பத்தியை முதலில் எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

கோவைப் பக்கத்து நூல் மில் ஒன்றில், பெரிய முதலாளியின் வெளிநாட்டுக் கார் சில வாரங்களாகத் தரையோடு படுத்துக் கிடந்தது. அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. ஆயிலும் கேஸும்தான் அதைத் தாங்கி நிற்கும். எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அடுத்தவன் முதுகில் உட்கார்ந்தே பழகியவர்களுக்கென்று செய்த வண்டி.

பெரியவர் அதன் இடது பின் இருக்கையில்தான் செத்தார். மலைப்பாதையில் வரும்போது மாரடைப்பு. "ஓரமா நிறுத்தப்பா, காத்து வேணும்" என்று அவரே சொன்னதால்தான் நிறுத்தியதாக டிரைவர் ஆரோக்கியம் சொன்னான். அது பொய், நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்றார் மகன் திருவேங்கடம். ஆரோக்கியத்தின் வேலை போயிற்று. மில் கொடுத்திருந்த லைன் வீட்டையும் வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். அவன் மனைவிக்கு நிறைமாதம்.

காரைச் சரிசெய்யும் வேலை மில் மெக்கானிக் மாசிலாமணியிடம் வந்தது. அவர் தொழிலாளர் சங்கச் செயலாளர். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று காலமெல்லாம் தெருமுனையில் பேசியவர். அந்தக் காரை அறிந்தவன் என்று ஆரோக்கியத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு காரை ஸ்டாண்டில் ஏற்றினார். பிரஷரை இறக்கி, வால்வுகளைப் பிரித்து, கழிவுப் பஞ்சால் துடைத்தார். அந்த மில்லில் எதைத் துடைக்கவும் அதுதான். கேஸ் குண்டுகளில் நைட்ரஜன் ஏற்றிப் புது ஆயில் ஊற்றினார். ஸ்டாண்டிலிருந்து இறக்கி இன்ஜினை முடுக்கியதும் கார் நான்கு பக்கமும் ஒரே மட்டமாக எழுந்தது.

இன்ஜினை நிறுத்தினார். சற்று நேரத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. இடது பின்பக்கம் மட்டும் மெல்லத் தாழ்ந்தது, கனத்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்ததைப் போல. கதவு மூடியே இருந்தது. இருக்கையில் யாருமில்லை. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. முடுக்கினால் எழுந்தது, நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தது. பட்டப்பகலில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவி வாசலில் போய் நின்றார்கள்.

மாசிலாமணிக்கும் உடம்பு சில்லிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வெறும் இருக்கையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"இழை ஒண்ணு வால்வு வாயில சிக்கிருச்சு," என்றார் ஆரோக்கியத்தின் காதில். "வால்வு மூட மாட்டேங்குது. ஆயில் உள்ளுக்குள்ளயே தொட்டிக்குத் திரும்பிப் போகுது."

"அப்பப் பெரியவரு இல்லீங்களாண்ணா?"

"உயிரோட இருக்கறப்பவே ஒர்க்‌ஷாப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன், செத்தா வருவாரு?"

மாசிலாமணி இன்னொரு முறை முடுக்கி நிறுத்திய நேரத்தில் திருவேங்கடம் வந்தார். அவர் கண்ணெதிரே கார் பெருமூச்சு விட்டு, தகப்பனார் உட்காரும் பக்கம் தாழ்ந்தது. அவர் முகம் வெளுத்தது.

"அப்பா, ஆரோக்கியத்துக்காகத்தான் வந்தீங்களா?" என்றார் மெதுவாக. கார் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. "சரிங்கப்பா. வேலையைத் திருப்பிக் குடுத்தர்றேன். வீட்டுலயும் இருக்கட்டும்."

பிறகு மாசிலாமணியைப் பார்த்தார். "மேடைக்கு மேடை பேய் இல்லைன்னு பேசறவன் நீ. இப்பச் சொல்லு. உள்ள உக்காந்திருக்கறது யாரு?"

மாசிலாமணி ஆரோக்கியத்தைப் பார்த்தார். அவன் மனைவியை நினைத்தார். இத்தனை காலம் பேசியதையெல்லாம் ஒரே வாயில் விழுங்கினார்.

"எனக்கு விளங்கலீங்க," என்றார்.

ஆரோக்கியம் முன்னால் வந்தான். "பஞ்சு இழைங்க. வால்வுல சிக்கியிருக்குதுங்க. உங்கப்பா வரலீங்க."

திருவேங்கடத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்ப வெள்ளிக்கிழமை சாவியைக் குடுத்துரு," என்றார்.

தோழனின் கூரையைக் காப்பாற்றப் பொய்க்குத் துணைபோனார் ஒருவர். தன் கூரையைத் தானே பிரித்துப்போட்டு உண்மையைச் சொன்னான் மற்றவன். இதில் யார் செய்தது சரி?

விடை: ஆரோக்கியம் செய்ததுதான் சரி. பயத்தில் கொடுத்த வீடு, வால்வைச் சுத்தம் செய்த அன்றே பறிபோயிருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தனக்கு லாபமான பொய்யையே உடைத்தவன், மலைப்பாதையில் நடந்ததைப் பற்றி மட்டும் பொய் சொல்லியிருப்பானா? முதலாளிக்கு இது உறைக்கவில்லை. உறைக்கும் என்று காத்திருப்பவன் முதலாளிகளை அறியாதவன். வாசலில் நின்று கேட்டவர்களுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை காலை மில் சங்கு ஊதியது. கேட் அகலத் திறந்திருந்தது. அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.